பிரையாரிட்டி 5ஜி: வேகத்துக்குக் காசு கேட்டா, எழுத்தில் கேளுங்க



உங்க மொபைல் பில்லில் புதுசா ஒரு வரி வருதுன்னு வச்சுக்கோங்க: "பிரையாரிட்டி 5ஜி – மாதம் 150 ரூபாய்." கூட்டமான இடத்திலும் உங்க நெட் மட்டும் பறக்கும், வீடியோ கால் தடுமாறாது, கேம் தொங்காதுன்னு விளம்பரம் சொல்லும். வாங்குவீங்களா?

150 ரூபாய் என்பது உதாரணத்துக்கு நான் போட்ட தொகை. ஆனா இப்படி ஒரு பிளானை விற்கிறதுக்கான தொழில்நுட்பம் நிஜம். அதுக்குப் பேரு நெட்வொர்க் ஸ்லைசிங். என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். எவ்வளவு வேகம் என்று ஒரு எண்ணும், அது கிடைக்கலைன்னா பணம் திரும்ப வரும் என்று ஒரு வாக்கியமும் எழுத்தில் இல்லாத வரை, இந்த மாதிரி பிளானுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க. ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னு கணக்கோட பார்க்கலாம்.

ஸ்லைஸ் என்றால் என்ன?

கோயில் தரிசன வரிசையை நினைச்சுப் பாருங்க. பொது தரிசனத்துக்கு ஒரு வரிசை, டிக்கெட் வாங்கினவங்களுக்கு ஒரு வரிசை, மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோட வர்றவங்களுக்கும் தனி வழி. வரிசை மூணு இருந்தாலும் சாமி ஒண்ணுதான், கருவறை வாசலும் ஒண்ணுதான். எந்த வரிசையை எவ்வளவு வேகமா விடுறதுன்னு நிர்வாகம் முடிவு பண்ணுது.

மொபைல் நெட்வொர்க்கிலும் அதேதான். உங்க போன்ல இருந்து டவர் வரைக்கும் அலைக்கற்றை, டவரில் இருந்து கம்பெனியின் மையம் வரைக்கும் கேபிள், அங்கே போக்குவரத்தை நிர்வகிக்கிற "கோர்" என்ற மூளை. இந்த மூணையும் மென்பொருள் மூலமா பிரிச்சு, ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க் மாதிரி நடத்துறதுதான் ஸ்லைசிங். 3ஜிபிபி என்ற சர்வதேசத் தர அமைப்பு 2018-ல் முடிச்ச "ரிலீஸ் 15" விதிகளிலேயே இது வந்தாச்சு. சாதாரண இணையத்துக்கு ஒரு வகை, தாமதமே கூடாத வேலைகளுக்கு ஒரு வகை, லட்சக்கணக்கான சென்சார், மீட்டர்களுக்கு ஒரு வகைன்னு அதில் பிரிச்சிருக்காங்க. ஒரே போன் ஒரே நேரத்தில் எட்டு ஸ்லைஸ் வரைக்கும் இணையலாம்.

இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கோர் உட்பட எல்லாமே 5ஜியா இருக்கிற "ஸ்டாண்டலோன்" நெட்வொர்க் வேணும். பழைய 4ஜி கோர் மேலே 5ஜி ஆன்டெனாவை மாட்டி ஓட்டுற "நான்-ஸ்டாண்டலோன்" அமைப்பில் முழுமையான ஸ்லைசிங் நடக்காது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1-ஆம் தேதி 5ஜி தொடங்கினப்போ ஜியோ ஸ்டாண்டலோனில் இறங்கியது. ஏர்டெல் நான்-ஸ்டாண்டலோனில் தொடங்கியது. போன் மூலையில் "5ஜி" என்று தெரியுறதை வச்சு நீங்க எந்த வகையில் இருக்கீங்கன்னு கண்டுபிடிக்க முடியாது.

நல்லதுக்கும் பயன்படுது

இந்தத் தொழில்நுட்பமே ஏமாற்று வேலைன்னு நான் சொல்லல. 2023 மே மாசம் லண்டனில் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழா நடந்தப்போ, தெருவில் அவ்வளவு கூட்டம். அந்த நெரிசலிலும் ஐடிஎன் நிறுவனம் நேரலைப் படத்தை அனுப்ப, வோடஃபோன் தன் பொது 5ஜி நெட்வொர்க்கில் தனி ஸ்லைஸ் ஒதுக்கிக் கொடுத்தது. அமெரிக்காவில் டி-மொபைல் 2024-ல் தீயணைப்பு, காவல், ஆம்புலன்ஸ் போன்ற அவசர சேவைக்காரர்களுக்கு ஸ்லைஸ் அடிப்படையில் தனி சேவை தொடங்கியது. ஆம்புலன்சுக்கு வழி விடுறதை யாரும் குறை சொல்ல மாட்டோம்.

நம்ம ஊரில் ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் வந்தது. கேபிள் இழுக்காம, 5ஜி சிக்னல் மூலமா வீட்டுக்கு பிராட்பேண்ட். அந்த வீட்டு டிராஃபிக்கை ஸ்லைசிங் மூலமா தனியா நிர்வகிக்கிறதா ஜியோவே சொல்லியிருக்கு. பக்கத்து வீட்டு டிவியில் படம் ஓடுறதால உங்க போன் நெட் படுத்துடாம இருக்கவும் இந்தப் பிரிவினை உதவும். அதாவது ஸ்லைஸ் சாதாரண வாடிக்கையாளரைக் காப்பாத்தவும் செய்யும், ஓரம் கட்டவும் செய்யும். வரிசையை யார் நிர்வகிக்கிறாங்க, எந்த விதிப்படி என்பதுதான் கேள்வி.

2020-ல் ஏற்கெனவே ஒரு முறை நடந்தது

"காசு கொடுத்தா முன்னுரிமை" என்ற யோசனை நமக்குப் புதுசு இல்லை. 4ஜி காலத்திலேயே ஸ்லைசிங் இல்லாமலே முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. வோடஃபோன் ஐடியா 2019 நவம்பரில் 999 ரூபாய்க்கு "ரெட்எக்ஸ்" என்ற போஸ்ட்பெய்ட் பிளானைக் கொண்டு வந்தது. மற்றவங்களைவிட 50% வரை அதிக வேகம் என்று விளம்பரம். 2020 ஜூலையில் ஏர்டெல் "பிளாட்டினம்" என்ற பெயரில், 499 ரூபாயும் அதுக்கு மேலும் கட்டுற போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளர்களுக்கு 4ஜியில் முன்னுரிமை என்றது.

சில நாளிலேயே டிராய் இரண்டு பிளானையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. அது எழுப்பின கேள்வி ரொம்ப எளிமையானது: இவங்களுக்கு வேகம் கூடினா, மத்தவங்களுக்கு வேகம் குறையுதா இல்லையா? வோடஃபோன் ஐடியா தொலைத்தொடர்பு தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்கால நிவாரணம் வாங்கியது. டிராய் விசாரணையைத் தொடர்ந்து, ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பிளானில் வெளிப்படைத்தன்மை இல்லை, வேகம் பற்றிய பேச்சு வாடிக்கையாளரைத் தவறா நம்ப வைக்குது என்பது குற்றச்சாட்டு.

"50% வரை" என்ற சொற்றொடரைக் கொஞ்சம் கவனிங்க. "வரை" என்ற ஒரே சொல்லில் எல்லாப் பொறுப்பும் கழண்டு போயிடுது. பூஜ்யமும் "50% வரை"க்குள்ளதான் இருக்கு.

சட்டத்தில் ஒரு இடைவெளி

இந்தியாவில் இணையச் சமத்துவ விதிகள் வலுவானவை. 2016 பிப்ரவரியில் டிராய் போட்ட விதிப்படி, எந்த இணையதளம், எந்த ஆப் என்று பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அதோடதான் இங்கே கடையைக் கட்டியது. 2018-ல் அரசு ஏற்ற விதிகளின்படி, ஒரு ஆப்பை முடக்குறது, மெதுவாக்குறது, இன்னொரு ஆப்புக்கு மட்டும் வேகம் கொடுக்குறது எல்லாம் தப்பு.

இந்த விதிகள் காப்பாத்துறது முக்கியமா உள்ளடக்கத்தை. ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனா 349 ரூபாய் வாடிக்கையாளருக்கும் 999 ரூபாய் வாடிக்கையாளருக்கும் இடையே வேகத்தில் பாகுபாடு காட்டலாமா? எல்லா ஆப்பும் அவருக்கு ஒரே மாதிரி வேகமா ஓடுதே, இதில் உள்ளடக்கப் பாகுபாடு எங்கே வந்ததுன்னு கம்பெனி கேட்கலாம். 2020 தகராறே இந்த இடத்தில்தான். ஸ்லைசிங் வந்த பிறகு அதைச் செய்யறது இன்னும் சுலபம்.

அதோட, "சிறப்புச் சேவைகள்" என்று ஒரு விலக்கும் இருக்கு. தரம் உறுதியா வேணும் என்கிற குறிப்பிட்ட சேவைகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஆனா அந்தச் சேவை சாதாரண இணையத்துக்கு மாற்றா இருக்கக் கூடாது, சாதாரண இணையத்தின் தரத்தையும் கெடுக்கக் கூடாது என்று டிராய் 2017 பரிந்துரையிலேயே சொல்லியிருக்கு. நல்ல நிபந்தனை. ஆனா தரம் கெட்டதா இல்லையான்னு யார், எந்த டவரில், எந்த நேரத்தில் அளந்து சொல்வாங்க? அளக்காத வரை அது காகிதத்தில் மட்டும் இருக்கும்.

கம்பெனிக்கு ஏன் இது தேவைப்படுது?

இங்கே ஆடிட்டர் கண்ணாடியைப் போட்டுக்கறேன். 2022 ஏலத்தில் மொத்தம் விற்ற அலைக்கற்றையின் மதிப்பு சுமார் 1,50,173 கோடி ரூபாய். அதில் ஜியோ மட்டும் 88,078 கோடி. இதை 20 வருஷத் தவணையில், 7.2% வட்டியோட கட்டலாம் என்று அரசு சலுகை கொடுத்தது. நம்ம வீட்டுக் கடன் இஎம்ஐ மாதிரியே கணக்கு போட்டா, வருஷத்துக்கு சுமார் 7,877 கோடி வரும். இருபது தவணையும் அப்படியே கட்டினா மொத்தம் சுமார் 1,57,540 கோடி. அதாவது அசலுக்கு மேலே சுமார் 69,000 கோடி வட்டி. டவர், ஆன்டெனா, கேபிள், கரன்ட் செலவெல்லாம் தனி.

இந்தப் பணத்தை எடுக்க மூணு வழிதான் இருக்கு. ஒண்ணு, எல்லாருக்கும் கட்டணத்தை ஏத்தறது. 2024 ஜூலையில் அதைப் பார்த்தோம். ஜியோவின் தினம் 1.5 ஜிபி மாதப் பிளான் 239-ல் இருந்து 299 ஆனது. அன்லிமிடெட் 5ஜி வேணும்னா தினம் 2 ஜிபி பிளானுக்குப் போகணும் என்றாங்க, அது 349. ரெண்டாவது வழி, தொழிற்சாலை, துறைமுகம், மருத்துவமனை போன்ற நிறுவனங்களுக்கு ஸ்லைஸ் விற்கிறது. மூணாவது, உங்களுக்கும் எனக்கும் முன்னுரிமையை விற்கிறது.

ரெண்டாவது வழியில் எனக்கு ஆட்சேபமே இல்லை. நிறுவனங்கள் சும்மா கையெழுத்துப் போடாது. லீஸ்டு லைன் வாங்கும்போது எப்படி ஒப்பந்தத்தில் வேகம், எவ்வளவு நேரம் லைன் இருக்கணும், இல்லைன்னா எவ்வளவு கழிவு என்று எழுதி வாங்குறாங்களோ, ஸ்லைஸுக்கும் அதையே கேட்பாங்க. மூணாவது வழியில் அந்த ஒப்பந்தம் காணாமப் போயிடுது. நமக்குக் கிடைக்கிறது ஒரு விளம்பரமும், பத்துப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் நிபந்தனைகளும்தான்.

இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து, போனிலேயே ஒரு அறிவிப்பைக் காட்டி "வேகத்தைக் கூட்ட ஸ்லைஸ் வாங்கு" என்று விற்கிறதுக்கான வசதி இருக்கு. கம்பெனி விரும்பினா பயன்படுத்தலாம். மேட்ச் நடுவில் படம் சுத்திக்கிட்டே இருக்கும்போது "29 ரூபாய்க்கு பூஸ்ட்" என்று ஒரு பட்டன் வந்தா, எத்தனை பேர் யோசிப்போம்? அவசரத்தில் எடுக்கிற சின்ன முடிவுகள்தான் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போடும்.

உங்க கணக்கு

மாதம் 150 ரூபாய் கூடுதல் என்றே வச்சுப்போம். போஸ்ட்பெய்டுக்கு 18% ஜிஎஸ்டி மேலே வரும். ஆக 177 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் நாலு சிம்முக்கும் போட்டா மாதம் 708, வருஷத்துக்கு 8,496 ரூபாய். இதே 708 ரூபாயை மாதாமாதம் எஸ்ஐபி போட்டு, வருஷத்துக்கு 10% வளரும்னு ஒரு அனுமானம் வச்சா, பத்து வருஷத்தில் சுமார் 1.46 லட்சம். வேகம் நிஜமாவே தேவைப்படுதுன்னா செலவு பண்ணுங்க, தப்பில்லை. ஆனா 1.46 லட்சத்துக்கு என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும்.

அதுக்கு மூணு விஷயம் பாருங்க.

முதலாவது, உங்க பிரச்சினை நெரிசலா, சிக்னலா? அடித்தளத்து பார்க்கிங்கிலும் வீட்டு உள்ளறையிலும் நெட் வரலைன்னா அது சிக்னல் பிரச்சினை. ஸ்லைஸ் சிக்னலை உருவாக்காது. கோயில் பூட்டியிருந்தா எந்த டிக்கெட் கையில் இருந்தாலும் தரிசனம் கிடையாது. அதே மாதிரி, யுபிஐ அடிக்கடி தோத்துப் போகுதுன்னா அது பேங்க் சர்வரா இருக்கலாம். யுபிஐக்குத் தேவைப்படுற டேட்டா ரொம்பக் கம்மி.

ரெண்டாவது, நெரிசல் எப்போ? ஒரு வாரம் இரவு 8-ல இருந்து 10 மணிக்குள்ள, டிராயின் மைஸ்பீட் ஆப்பில் தினம் ஒரு முறை சோதிச்சு, ஒரு நோட்டில் எழுதுங்க. முழு ஹெச்டி படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் அளவுக்கு இருந்தாலே போதும். அந்த நேரத்திலும் உங்களுக்கு 20, 30 வருதுன்னா, கூட்டமே இல்லாத கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்குற மாதிரிதான்.

மூணாவது, வேகம் உங்க வருமானமா? நேரலை பண்ணுறவங்க, வீட்டில் இருந்து வீடியோ காலிலேயே வேலை பார்க்கிறவங்க, கடை முழுக்க ஆன்லைன் பில்லிங்கில் ஓடுறவங்களுக்கு இது தொழில் செலவு. அப்போ பில்லை தொழில் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணோடும் வாங்குங்க. சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருக்கிறவங்க, தொழிலுக்குப் பயன்படுத்துற அளவுக்கு 18% உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருந்தா முடியாது. 44ஏடி என்று நமக்குப் பழகின அனுமான வருமான முறையில் வரி கட்டுறவங்க, இந்தச் செலவைத் தனியா காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது. அந்தச் சதவீதத்துக்குள்ளேயே எல்லாச் செலவும் அடங்கிடுச்சு.

நான் கேட்கிற மூணு நிபந்தனை

முன்னுரிமையை விற்கவே கூடாதுன்னு நான் சொல்லல. ரயிலில் தத்கால் இருக்கு, அடிப்படைக் கட்டணத்துக்கு மேலே 10-ல இருந்து 30% கட்டறோம். ஆனா தத்காலில் எத்தனை சீட், என்ன விலை என்று முன்கூட்டியே தெரியும். டிக்கெட் உறுதியாச்சுன்னா சீட் நம்பர் கையில் வரும். பொதுக் கோட்டாவில் எத்தனை சீட் மிச்சம் என்பதையும் எல்லாரும் பார்க்கலாம். 5ஜி முன்னுரிமைக்கும் அந்த அளவு நேர்மை வேணும்.

ஒண்ணு: "வரை" என்ற சொல் இல்லாம, நெரிசல் நேரத்தில் குறைந்தபட்சம் இத்தனை எம்பிபிஎஸ் என்று பில்லிலேயே எழுதணும்.

ரெண்டு: அது கிடைக்காத மாதம் கூடுதல் கட்டணம் தானா திரும்ப வரணும். 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த டிராயின் சேவைத்தர விதிகளில், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினா போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு என்று இருக்கு. அது நெட்வொர்க் செத்துப் போனதுக்கான இழப்பீடு. காசு வாங்கிட்டு மெதுவா ஓட்டினதுக்கும் ஒண்ணு வேணும்.

மூணு, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிசு: சாதாரண வரிசைக்கு ஒரு அடித்தளம். எத்தனை முன்னுரிமைப் பிளான் விற்றாலும், சாதாரண ரீசார்ஜ் பண்ணுறவருக்கு இந்த வேகத்துக்குக் கீழே போகாது என்று கம்பெனி அறிவிக்கணும், டிராய் அளந்து மாவட்ட வாரியா வெளியிடணும். இது இல்லைன்னா என்ன ஆகும் தெரியுமா? சாதாரண வரிசை மெதுவாக மெதுவாக, முன்னுரிமை டிக்கெட் நல்லா விற்கும். பொது வரிசையைச் சரி பண்ணுறதுக்கு விற்கிறவருக்கு எந்த அவசரமும் இருக்காது. 299, 349 ரூபாயைக் கணக்குப் பார்த்து ரீசார்ஜ் பண்ணுற டெலிவரி ஊழியர், ஆன்லைன் வகுப்பு பார்க்கிற மாணவி, ஆட்டோ ஓட்டுநர் எல்லாரும் அந்த வரிசையில்தான் நிக்கறாங்க. அவங்களுக்கு நெட் என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, அன்றைய சம்பளம்.

பங்கு வாங்க யோசிக்கிறவங்களுக்கு

"ஸ்லைசிங் வருது, டெலிகாம் பங்கு பறக்கும்" என்று டெலிகிராம் டிப்ஸ் வந்தா, ஒரே கேள்வி கேளுங்க: அந்த வருமானம் கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் எந்த வரியில் இருக்கு? தனி எண்ணா காட்டாத வரை அது ஒரு கதை. ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரி வருமானம், கடன், அலைக்கற்றைத் தவணை, இந்த மூணையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இது என் பார்வை மட்டுமே, முதலீட்டு ஆலோசனை இல்லை.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஏழு நாள் இரவு வேகத்தை அளந்து, உங்க ஊர், பிளான் விலை, வந்த வேகம், மூணையும் கமெண்டில் போடுங்க. நம்பர், பெயர் எதுவும் வேண்டாம். போதுமான ஊர்களில் இருந்து வந்தா, அடுத்த வீடியோவில் ஒரு அட்டவணையா போட்டுக் காட்டறேன். விற்கிறவங்க எண்ணைச் சொல்ல மாட்டாங்கன்னா, வாங்குற நம்ம கையிலாவது ஒரு எண் இருக்கட்டும்.